தூரம் போக எத்தனை குதிரை வேண்டும்?

(இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பட்டயப் பிரிவு)



ஆண்டு மலர் என்றாலே கவிதை என்று ஆகிவிட்டது. அம்மா, காதல், நட்பு ஆகிய மூன்று தலைப்பைத் தாண்டி நாலாவது தலைப்பில் ஒரு கவிதை வந்ததாக எனக்கு நினைவில்லை. எனக்குக் கவிதை வராது. வண்டி வரும். ஆகவே பேரவைச் செயலர் அண்ணனிடம் கேட்டேன். "எழுதுடா, ஆனா நாலு பக்கத்துக்கு மேல போகாதே" என்று அனுமதி தந்தார். அவருக்கு என் நன்றி.

நம் விடுதியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பட்டிமன்றம் நடக்கும். நடுவர் கிடையாது. தலைப்பு மட்டும் மாறாது: "லடாக் போறதுக்கு எந்த வண்டி பெஸ்ட்?" பேசுகிறவர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக பஸ் காசு கடன் கேட்பவர்கள் என்பது வேறு விஷயம். ஆசைக்கு ஏது வரம்பு? பேசட்டும். எனக்கு அதில் குறை ஒன்றே ஒன்றுதான். யார் எந்த வண்டியின் பெயரைச் சொன்னாலும் அடுத்த கேள்வி "எத்தனை பி.எச்.பி.?" என்பதாகவே இருக்கிறது. எண் பெரியதாக இருந்தால் வண்டி பெரியது. பட்டிமன்றம் முடிந்தது, விளக்கை அணை!

நெடுந்தூரம் போகிற வண்டியைக் குதிரைத்திறனை வைத்து எடை போடுவது, பஸ்ஸை ஹாரன் சத்தத்தை வைத்து எடை போடுவது போல என்பது என் கருத்து. மெக்கானிக்கல் படிக்கிற நாமே அப்படிப் பேசலாமா?

உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே தயாரான இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. சென்னைப் பக்கம் பிறந்தது, 2016-ல் விற்பனைக்கு வந்தது. மற்றொன்று பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். பெயர் ஜெர்மனி, பிறந்தது நம் ஓசூரில்! டி.வி.எஸ். தொழிற்சாலையில் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். இந்தியாவில் 2018-ல் விற்பனைக்கு வந்தது. இரண்டுமே ஒற்றை சிலிண்டர். இரண்டுமே கரடுமுரடான பாதையில் தூரம் போவதற்கென்று வந்தவை.

ஹிமாலயனின் குதிரைத்திறன் 24.5. பி.எம்.டபிள்யூ.வுக்கு 34. விடுதி பட்டிமன்றத்தில் தீர்ப்பு இங்கேயே வந்துவிடும்.

கொஞ்சம் பொறுங்கள். டார்க் என்கிற முறுக்குவிசையைப் பாருங்கள். ஹிமாலயன் 4,000 முதல் 4,500 சுற்றுக்குள் 32 நியூட்டன் மீட்டர் தருகிறது. பி.எம்.டபிள்யூ. தருவது 28, அதுவும் 7,500 சுற்றுக்குப் போன பிறகு. திறன் என்பது முறுக்குவிசையையும் சுற்றையும் பெருக்கி வருவது. முதலாண்டிலேயே படித்தோம், தேர்வு முடிந்ததும் மறந்தோம். 32-ஐ 4,250-ஆல் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் 14.2 கிலோவாட், அதாவது சுமார் 19 குதிரை. அதே 4,250 சுற்றில் பி.எம்.டபிள்யூ. தன் முழு 28-ஐயும் தந்துவிடுகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு 16.7 குதிரையைத் தாண்டாது. உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதன் உச்சம் இன்னும் 3,000 சுற்று மேலே இருக்கிறது. ஆக, மூட்டை முடிச்சுடன் மேட்டில் ஊர்ந்து ஏறுகிற வேகத்தில் 24.5 குதிரை வண்டி, 34 குதிரை வண்டியை முந்துகிறது!

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? சிலிண்டரின் உருவத்திலிருந்து. பி.எம்.டபிள்யூ.வின் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 62.1. ஹிமாலயனில் விட்டம் 78, ஏறி இறங்குவது 86. ஒன்று குட்டைத் தட்டு, மற்றது நீள டம்ளர். குட்டை ஸ்ட்ரோக் வேகமாகச் சுற்றி, மேலே போய்த் திறனைக் கொட்டும். நீள ஸ்ட்ரோக் நிதானமாகச் சுற்றும். சிலிண்டரும் பெரியது, வால்வும் கேமும் கீழ்ச்சுற்றுக்கென்று அமைந்தவை. ஆகவே கீழே இருக்கும்போதே இழுக்கும். 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிப் பல்லாண்டு காலம் செய்த புல்லட் 350 இதைவிட நீளம்: 70-க்கு 90. குதிரைத்திறன் வெறும் 18. அந்தப் பதினெட்டை வைத்துக்கொண்டு நம் ராணுவம் மலையேறியது.

"கியரைக் குறைச்சா பி.எம்.டபிள்யூ.வும் இழுக்கும்ல?" என்று என் அறைத் தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. இழுக்கும். ஆறு கியர் இருக்கிறது, எடையும் ஹிமாலயனைவிட இருபது கிலோவுக்கு மேல் குறைவு. ஒரு மணி நேரச் சவாரிக்கு என்னிடம் சாவி கொடுத்தால் நான் பி.எம்.டபிள்யூ.வைத்தான் எடுப்பேன். ஆனால் எட்டு மணி நேரம்? வளைவுக்கு வளைவு கியர் மாற்றி, என்ஜினைக் கத்தவிட்டுக்கொண்டே போக வேண்டும். கத்துவது என்ஜின், களைப்பது ஓட்டுகிறவன். தூரப் பயணத்தில் வண்டியின் செயல்திறனை அளக்க வேண்டிய இடம் என்ஜினே இல்லை. நானூறாவது கிலோமீட்டரில் இறங்கி நிற்கிறானே அந்த ஆள், அவன் முதுகிலும் மணிக்கட்டிலும் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, நேர்ச் சாலையில் எத்தனை குதிரைதான் வேண்டும்? நானே ஒரு கணக்குப் போட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஆளும் வண்டியும் சேர்ந்து காற்றை எதிர்க்கும் பரப்பு, உருவக் குணகமும் சேர்த்து 0.6 சதுர மீட்டர் என்றும், வண்டியும் ஆளும் சேர்ந்து 270 கிலோ என்றும், டயர் உருளும் தடை எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்றும் வைத்துக்கொண்டேன். மணிக்கு 80 கிலோமீட்டரில் போக ஏறக்குறைய 7 குதிரை போதும். 100-ல் போக 12. 120-ல் போக 20. வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் மூன்று மடங்கைத் தாண்டி ஏறுகிறது, ஏனெனில் அது வேகத்தின் மும்மடிக் கணக்கு. 80-க்கு மேல் நாம் கொட்டும் பெட்ரோலில் பெரும்பங்கு காற்றோடு சண்டை போடவே செலவாகிறது. சண்டையில் ஜெயிப்பது எப்போதும் காற்றுதான்!

இப்போது நம்மவர்களின் கனவு ஊருக்கு வருவோம்.

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் தாண்டி என்று ஓர் ஊர். அங்குள்ள பெட்ரோல் பங்கில் பல ஆண்டுகளாக நின்ற ஒரு பலகை நாடு முழுக்கப் பிரசித்தம். அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் தூரத்தில் என்று அதில் எழுதியிருந்தது. எத்தனை பேர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்களோ! என் பார்வையில் ஹிமாலயனின் பெட்ரோல் டேங்க்கை வரைந்தது அந்தப் பலகைதான். டேங்க் 15 லிட்டர். மலைப்பாதையில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 375 வருகிறது. பலகையைத் தாண்டிப் பத்து கிலோமீட்டர்! பி.எம்.டபிள்யூ.வின் டேங்க் 11 லிட்டர். அதே கணக்கில் 275. மீதித் தொண்ணூறுக்கு கேனில் கட்டிக்கொண்டு போக வேண்டும். பி.எச்.பி. பேசுகிறவர்கள் டேங்க்கைப் பேசி நான் கேட்டதே இல்லை.

உயரம் இன்னொரு கதை. லேவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கர்துங் லா கணவாயின் பழைய பலகையில் 18,380 அடி என்று இருந்தது. அளந்து பார்த்தவர்கள் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி என்கிறார்கள். (எண்ணூறு அடி சும்மா ஏற்றிச் சொல்வது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.) அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 58 சதவீதம். காற்று குறைந்தால் எரிப்பு குறையும். டர்போ இல்லாத எந்த என்ஜினும் அங்கே நூற்றுக்கு நாற்பது பங்கை இழந்து நிற்கும். ஹிமாலயனின் 24.5 அங்கே 14-க்குப் பக்கம். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இன்னும் அவஸ்தை. காற்று மெலிந்தது கார்புரேட்டருக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும், கலவை தடித்துக் கரும்புகை தள்ளும், ஜெட்டை மாற்ற வேண்டும். இன்ஜெக்‌ஷன் வந்தபின் சென்சார் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஹிமாலயனும் முதலில் கார்புரேட்டரோடு வந்து, 2017-ல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. என்னைக் கேட்டால் அந்த வண்டிக்கு நடந்த முன்னேற்றங்களில் தலையாயது இதுதான்.

2023 நவம்பரில் அதன் இடத்துக்கு ஹிமாலயன் 450 வந்தது. 452 சி.சி., தண்ணீர் குளிரூட்டல், ஆறு கியர், 40 குதிரை, 40 நியூட்டன் மீட்டர், 17 லிட்டர் டேங்க். விட்டம் 84, ஸ்ட்ரோக் 81.5. கவனித்தீர்களா? நீள டம்ளர் குட்டையாகிவிட்டது! 40 குதிரை வருவது 8,000 சுற்றில். நான்கு வழிச்சாலையில் லாரியை முந்த இது நிச்சயம் நல்ல வண்டி. 411 அங்கே மூச்சு வாங்கும் என்பதை அதன் பக்தர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் கம்ப்யூட்டர் ஆக்ஸிலரேட்டரும் வந்தபின், வழியில் நின்றால் வழியோர மெக்கானிக் கையைப் பிசைவார். லீவு நாட்களில் நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பின் மெக்கானிக் அண்ணன் சொல்வார்: "வண்டி ரிப்பேர் ஆகாதுன்னு எவனும் சொல்ல முடியாது தம்பி. ரிப்பேர் ஆன எடத்துலயே சரி பண்ண முடியுமான்னு பாரு." கம்பி வைத்த ஸ்போக் சக்கரத்தை தூரப் பயண வண்டிகள் இன்னும் விடாததற்கும் இதே காரணம்தான். பள்ளத்தில் விழுந்தால் ஸ்போக் ரிம் வளையும். கல்லை வைத்துத் தட்டியாவது ஊர் போய்ச் சேரலாம். அலாய் விரிசல் விட்டால் லாரி பிடிக்க வேண்டியதுதான்.

இனி, உலகமே தூரப் பயணத்தின் ராஜா என்று சொல்லும் வண்டியைப் பார்ப்போம். ஹோண்டா கோல்டு விங். 2018-ல் வந்த மாடலில் 1,833 சி.சி., படுக்கை வசத்தில் ஆறு சிலிண்டர், செயினுக்குப் பதில் ஷாஃப்ட், பின்னால் எடுக்க ரிவர்ஸ் கூட உண்டு. படுக்கை சிலிண்டர் ஏன்? எடை கீழே இருக்கும். நின்றால் கனம், நகர்ந்தால் கனம் தெரியாது. நாம் வாங்கப் போவதில்லை, ஆனால் அதன் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1975-ல் முதல் கோல்டு விங், 999 சி.சி.யில், விற்பனைக்கு வந்தபோது அதில் காற்றுக் கண்ணாடியும் இல்லை, பெட்டியும் இல்லை. மொட்டை வண்டி! அதை வாங்கி அமெரிக்காவின் குறுக்கே ஓட்டியவர்கள்தான் காற்று தாங்காமல் கண்ணாடி மாட்டினார்கள். கிரெய்க் வெட்டர் என்பவர் செய்து விற்ற முன்மறைப்புகள் அப்படித்தான் பெயர் பெற்றன. பக்கவாட்டில் பெட்டியும் அவர்களே மாட்டிக்கொண்டார்கள். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு ஹோண்டா 1980-ல் கண்ணாடியும் பெட்டியும் தொழிற்சாலையிலேயே பொருத்தி, இன்டர்ஸ்டேட் என்ற பெயரில் 1,100 சி.சி. வண்டியை விற்றது. தூரம் போனவன் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டான். கம்பெனி அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. நம் ஊரில் தூரம் போகிறவன் யார்?

என் அப்பா ஜவுளி வியாபாரி. கடை கிடையாது. பர்கூரில் துணி எடுத்து, பழைய 100 சி.சி. பைக்கின் பின்னால் மூட்டையாகக் கட்டி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை பக்கத்துக் கிராமங்களில் தவணைக்கு விற்பார். புடவை, லுங்கி, நைட்டி, பள்ளி திறக்கும் மாதம் யூனிஃபார்ம் துணி. ஒரு நாளைக்கு நூற்றிருபது கிலோமீட்டர். வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 36,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,075! மணாலி–லே தூரம், 2020-ல் அடல் சுரங்கம் திறந்து 46 கிலோமீட்டர் குறைந்த பிறகு, 430 சொச்சம்தான். அப்பாவுக்கு அது நாலு நாள் வேலை. அதுவும் வழிநெடுக வியாபாரம் பார்த்துக்கொண்டு, "அடுத்த வாரம் தர்றேன்" என்பவர்களிடம் சிரித்துக்கொண்டு.

அப்பாவைப் போல எத்தனை பேர்! எவர்சில்வர் பாத்திரம் கட்டிப் போகிறவர், பிளாஸ்டிக் குடம் மலைபோல் அடுக்கிப் போகிறவர், பால் கேன் தொங்கவிட்டுப் போகிறவர், மீன் பெட்டி வைத்துப் போகிறவர். இவர்கள் யாரையும் எந்தப் புத்தகமும் டூரர் என்று சொல்வதில்லை. இவர்கள் ஓட்டுவது நகரத்துக்குள் ஆபீஸ் போய் வருவதற்கென்று வடிவமைத்த வண்டி.

என் கணக்கை இவர்களுக்கும் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு இரண்டேகால் குதிரை போதும். மூட்டை காற்றை மறிப்பதற்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் இருப்பது ஏழெட்டு. ஆகவே குதிரைக்குப் பஞ்சமில்லை! பஞ்சம் மற்றதற்கெல்லாம்தான்.

முதலில் மூட்டை. மூட்டை நாற்பது கிலோ. கேரியரில் கட்டினால் அதன் மையம் பின் அச்சுக்கு இருபது சென்டிமீட்டர் பின்னால் விழுகிறது. நானே டேப் வைத்து அளந்தேன். இரண்டு அச்சுக்கும் இடைவெளி 125. நெம்புகோல் கணக்குப்படி முன் சக்கரத்தின் மேல் இருந்த பாரத்தில் 6.4 கிலோ குறைகிறது. பின் சக்கரத்தில் ஏறுவது நாற்பது இல்லை, 46.4. முன் சக்கரம் லேசானால் ஹேண்டில்பார் ஆடும், மண் ரோட்டில் திரும்பச் சொன்னால் திரும்பாது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது என்பதால் அங்கேயும் அடி. தூரப் பயண வண்டியைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் பெட்டியைப் பக்கவாட்டில், கீழே, அச்சுக்குப் பக்கத்தில் மாட்ட வழி செய்தார்கள். ஹிமாலயன் 411-ல் டேங்க்கின் இருபுறமும் கம்பிச் சட்டம் வைத்து, கேனை முன்பக்கம் கட்ட இடம் கொடுத்தார்கள். அப்பாவின் வண்டியில்? வெல்டிங் பட்டறையில் 1,800 ரூபாய் கொடுத்து வைத்த ஆங்கிள் கேரியர். பற்றவைத்தவர் நல்ல கைவேலைக்காரர், ஆனால் எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்தது பிரேக். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்ற விதி, புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும் மற்றவற்றுக்கு 2019 ஏப்ரலிலும் வந்தது. நல்ல விதி, வரவேற்கிறேன். ஆனால் அப்போது 125-ம் அதற்குக் கீழும் உள்ளவற்றுக்கு இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் கூட்டு பிரேக் போதும் என்று விட்டுவிட்டார்கள். சி.சி. குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது கணக்கு. ஆபத்து சி.சி.யில் இல்லையே ஐயா! நனைந்த தார் ரோட்டில், நாற்பது கிலோ மூட்டையோடு, குறுக்கே ஆடு ஓடி வரும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால், வழுக்குவதற்கு 100 சி.சி. தாராளம். வருஷத்துக்கு 36,000 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அந்தத் தருணம் எத்தனை முறை வரும்?

அதிர்வும் அப்படித்தான். ஒற்றை சிலிண்டர் 4,500 சுற்றில் ஓடினால் ஒரு நொடிக்கு 75 முறை உதறும். ஹிமாலயனில் அந்த உதறலை அடக்க உள்ளே எதிர்ப்பக்கம் சுற்றும் ஒரு பேலன்சர் தண்டு இருக்கிறது. அப்பா ராத்திரி சாப்பிடும்போது இடது கையை உதறிக்கொண்டே இருப்பார். "மரத்துப்போச்சு, ஒண்ணுமில்ல" என்பார். இரண்டு வருஷமாக இடுப்பில் பெல்ட். விளக்கைச் சொல்லவே வேண்டாம். பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குக் கரன்ட் நேராக மேக்னட்டிலிருந்து போகிறது. பள்ளத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தால் விளக்கும் மங்கும். எப்போது வெளிச்சம் வேண்டுமோ அப்போது இருட்டு!

ஒன்றில் மட்டும் அப்பாவின் வண்டி ஜெயிக்கிறது. முழு செயின் கவர். தூசி புகாது, மழைச் சேறு ஒட்டாது, புடவையும் சிக்காது. லட்சக்கணக்கில் விலை வைக்கும் தூரப் பயண வண்டிகளில் செயின் அம்மணமாகத் தொங்குகிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்ப்ரே அடித்துக்கொண்டே லடாக் போகிறார்கள். அழகுக்காகக் கழற்றிய கவர்! அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

"சின்ன வண்டியில இதெல்லாம் வச்சா வெல ஏறும், அவங்க வாங்க மாட்டாங்க" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் சொன்னார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் இதில் உடன்பாடில்லை. அவர்கள் இப்போதே செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். கேரியருக்கு 1,800, சீட்டில் பஞ்சு கூட்டித் தைக்க 900, பின் ஷாக் அப்சார்பரைக் கனமான ஸ்பிரிங்குக்கு மாற்ற ஒரு செலவு, பின் ரிம்மில் ஸ்போக் அறுந்து அறுந்து மாற்ற வருஷம் தவறாமல் ஒரு செலவு. இந்தப் பணத்தைத் தனித்தனியாக வெல்டிங் பட்டறைக்கும் சீட் கடைக்கும் கொடுக்கிறவன், ஒரே இடத்தில் ஒழுங்காகச் செய்து கொடுத்தால் வாங்கமாட்டானா? கண்ணாடியும் பெட்டியும் மாட்டிய அமெரிக்கக்காரனைப் பார்த்து ஹோண்டா கற்றுக்கொண்டது. ஆங்கிள் கேரியர் மாட்டிய நம் ஆட்களை யார் வந்து பார்த்தார்கள்?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் ஃபீஸ் அந்தக் கேரியரில் உட்கார்ந்துதான் வந்தது. முதலாண்டில் நான் டிராஃப்டர் வாங்கிக்கொண்டு போனபோது அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வச்சு வண்டி வரைய முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். அவர் கேட்டது சும்மாதான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் சீனியர் அண்ணன்மார்கள் ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் 2013-லும் வல்லம் வடகாலில் 2017-லும் உற்பத்தி தொடங்கியது. டார்க் ரெஞ்ச்சைப் பிடித்துக்கொண்டு லைனில் நிற்பவர்களில் நம் போன்ற டிப்ளமோக்காரர்கள் ஏராளம். பெருமைதான். ஆனால் ஹிமாலயனின் சேஸிஸை உருவாக்கியவர்கள் இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ். 2015-ல் ராயல் என்ஃபீல்டு அந்த நிறுவனத்தையே வாங்கியது. மணாலிச் சாலையைப் பார்த்து ஒரு வண்டியை வரைய லெஸ்டரிலும் சென்னையிலும் ஆள் இருக்கும்போது, ஊத்தங்கரைச் சாலையைப் பார்த்து ஒரு வண்டியை வரைய நம்மில் ஒருவர் ஏன் கூடாது? அந்தச் சாலையில் எந்தத் திருப்பத்தில் ஜல்லி கொட்டிக் கிடக்கும் என்று நமக்குத்தானே தெரியும்!

மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்கு நானும் என் அறைத் தோழனும் தலைப்பு எழுதிக் கொடுத்திருக்கிறோம்: 100 சி.சி. வண்டிக்கு, பின் அச்சுக்கு முன்னால் பாரம் விழும்படி இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் கழற்றி மாட்டும் கேரியர். பின்னால் இருபதைக் குறைத்து, முன்னால் பத்து சென்டிமீட்டர் கொண்டுவந்தாலே போதும். முன் சக்கரம் இழக்கும் 6.4 கிலோ போய், 3.2 கிலோ கூடுதலாகக் கிடைக்கும். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் பழைய ஒரு இன்ச் பைப் இருக்கிறது. சோதனை ஓட்டத்துக்கு ஆளும் மூட்டையும் எங்கள் வீட்டிலேயே உண்டு. பேட்ச்சில் இன்னும் இரண்டு இடம் காலி. ஆர்க் வெல்டிங்கில் கை சுத்தமாக உள்ள ஒருவரும், சீட் தைக்கத் தெரிந்த வீட்டிலிருந்து வரும் ஒருவரும் தேவை. விருப்பமுள்ளவர்கள் விடுதிக்கு வந்து, பட்டிமன்றம் நடக்கும் அறை எது என்று கேட்டால் காட்டுவார்கள். பத்து மணிக்கு முன்னால் வரவும்.